வீட்டு விளையாட்டுக்கு ஒரு விண்கலம்: தரை எந்தப் பக்கம்?

கட்டநோட்டு | செவ்வாய், இரவு 9:40

வணக்கம். மே மாத லீவுக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் மதுரைக்கு வந்திருக்கிறார்கள். என் மகளோடு சேர்த்து மூன்று பேர். 9, 11, 13 வயது. நான்கு நாளாகக் கூடம் முழுக்கச் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும்தான். நாங்களே ஒரு விண்கலம் வரைந்து, அதற்குள் காய் நகர்த்தி ஆடுகிற ஒரு விளையாட்டைச் செய்துகொண்டிருக்கிறோம்.

கதை இதுதான். வியாழனின் நிலா யூரோப்பாவில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்கு வருகிற சரக்குக் கலம். உள்ளே நான்கு பேர். வழியில் ஏதாவது பழுதாகிக்கொண்டே இருக்கும், ஓடிப்போய்ச் சரிசெய்ய வேண்டும். ஜெயித்தால் எல்லாரும் சேர்ந்து ஜெயிப்பது, தோற்றால் சேர்ந்து தோற்பது. காய்களுக்குச் சட்டைப் பொத்தான். பழுதுச் சீட்டுகளுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிக்கொண்டோம். அவ்வளவு நல்ல அட்டை கடையில் கிடைக்காது. உருட்டுவதற்கு நான்கு புளியங்கொட்டை, ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கியது.

கலத்தின் படம்: நடுவில் நீளமாக ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள், முன்னால் ஓட்டுநர் அறை, பின்னால் எஞ்சின். 34 கட்ட நீளம். வரைந்து முடித்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, இதுல இவங்க எது மேல நிக்கிறாங்க?"

அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன். எஞ்சினை எங்கே வைக்கலாம், தரை எந்தப் பக்கம், வெளித்தோற்றம் எப்படி இருந்தால் பிள்ளைகள் மனதில் நிற்கும்? சினிமா, டிவி, பழைய கம்ப்யூட்டர் கேம் எதிலிருந்து வேண்டுமானாலும் சொல்லுங்கள்.


பசைபுட்டி | செவ்வாய், இரவு 10:25

நான் பிளாஸ்டிக் மாடல் ஒட்டுகிறவன். அதனால் வெளித்தோற்றத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஸ்டார் ட்ரெக் தொடரின் என்டர்பிரைஸ் கப்பலை 1964-ல் வரையத் தொடங்கியவர் மேட் ஜெஃபரிஸ். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் இருந்தவர், சொந்த விமானம் வைத்திருந்தவர். தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி எது கூடாது என்பதை மட்டும் அவரிடம் தெளிவாகச் சொன்னார்: ராக்கெட் மாதிரி இருக்கக் கூடாது, ஜெட் கூடாது, பின்னால் நெருப்புக் கக்கக் கூடாது. மிச்சத்தை ஜெஃபரிஸ் ஒரு மெக்கானிக்கின் தலையோடு யோசித்தார். அவ்வளவு சக்தியுள்ள எஞ்சின் ஆபத்தானது, ஆட்கள் இருக்கிற இடத்தை விட்டுத் தள்ளியே நிற்கட்டும் என்று அவற்றை இரண்டு நீண்ட கம்பங்களின் நுனிக்குக் கொண்டுபோனார். பழுதாகிற சாமான் எதுவும் வெளியே இருக்கக் கூடாது, உள்ளேயிருந்தே கைவைக்க முடிய வேண்டும் என்று வெளிச்சுவரை வழுவழுவென்று விட்டுவிட்டார். ஒரு தட்டு, ஒரு குழாய், இரண்டு கம்பம். பார்த்த குழந்தை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடும்.

படப்பிடிப்புக்குச் செய்த பெரிய மாடல் 11 அடி நீளம். இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது பக்கத்தை முழுதாக முடிக்கவே இல்லை. விளக்குகளுக்கான ஒயர்கள் அந்தப் பக்கமாகப் போயின. கேமரா வலது பக்கத்தைத்தான் பார்த்தது. மாடல் செய்கிறவனுக்கு இது பெரிய ஆறுதல்.

பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இந்தக் கலத்தில் எதைக் கண்டு பயப்பட வேண்டும்? அதைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பாதித் தோற்றம் அதிலேயே வந்துவிடும்.


சுழல்விசை | புதன், காலை 6:15

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். உங்கள் மகள் கேட்டதுதான் இதில் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரியாமல் அறைகளை வரையக் கூடாது.

பஸ் சட்டென்று கிளம்பினால் பின்னால் சாய்கிறோம். அந்த பஸ் நிற்காமல் வேகம் கூட்டிக்கொண்டே போனால்? முதுகு சாய்ந்திருக்கிற இருக்கைதான் நமக்குப் படுக்கை, பஸ்ஸின் பின் கண்ணாடிதான் தரை. விண்கலமும் அப்படித்தான். எஞ்சின் தள்ளிக்கொண்டிருக்கிற வரைக்கும் எஞ்சின் இருக்கிற திசைதான் "கீழே". ஆகவே உங்கள் கலத்தை பஸ் மாதிரியோ விமானம் மாதிரியோ படுக்கவைத்து வரையக் கூடாது. அது அடுக்குமாடிக் கட்டடம். எஞ்சின் தரைத்தளத்துக்கும் கீழே, ஓட்டுநர் அறை மொட்டைமாடியில். நீங்கள் வரைந்த நடைபாதையில் எஞ்சின் ஓடும்போது ஒருவன் கால்வைத்தால் 34 கட்டமும் விழுவான்.

எஞ்சினை அணைத்தால் எடை போய்விடும், எல்லாம் மிதக்கும். அப்போதும் எடை வேண்டுமென்றால் கலத்தைச் சுழற்ற வேண்டும். அந்தக் கணக்கு கறாரானது. நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றி, பூமியில் இருக்கிற அதே எடை வேண்டுமென்றால் ஆரம் ஏறத்தாழ 900 மீட்டர் வேண்டும். 1975-ல் நாசாவின் கோடைக்கால ஆய்வில் 10,000 பேர் வாழும் வளைய நகரம் ஒன்றை வடிவமைத்தார்கள், ஸ்டான்ஃபோர்டு டோரஸ் என்று பெயர். அதன் விட்டம் 1.8 கிலோமீட்டர் என்று வந்தது இந்தக் கணக்கினால்தான். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் ஆரம் 224 மீட்டர் போதும். நான்கு பேர் போகிற சரக்குக் கலத்துக்கு அதுவும் அதிகம்.

இன்னொன்று, யூரோப்பா வேண்டாம். வியாழனின் கடுமையான கதிர்வீச்சுப் பட்டைக்குள் இருக்கிற நிலா அது. கலிஸ்டோவுக்குப் போகச் சொல்லுங்கள். நான்கு பெரிய நிலாக்களில் அதுதான் வெளியே தள்ளி இருப்பது. அங்கேயும் பனிக்கட்டி உண்டு, கதிர்வீச்சு மிகக் குறைவு.


கட்டநோட்டு | புதன், காலை 8:05

டீச்சர், நன்றி. பஸ் உதாரணத்தை மகளிடம் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டாள். கலிஸ்டோவுக்கும் மாற்றிவிட்டோம்.

ஆனால் சிக்கல் ஒன்று. அந்த நீள நடைபாதை அக்கா பையன் வரைந்தது, 9 வயதுக்காரன். அவனுக்கு விளையாட்டே அந்த நடைபாதையில் ஓடுவதுதான். அடுக்குமாடி என்றதும் முகம் தொங்கிப்போய்விட்டது. ஆறு சின்ன மாடியாக வெட்டினால் ஓட இடம் எங்கே?


வெள்ளவத்தை | புதன், காலை 11:30

கொழும்பிலிருந்து எழுதுறன் அண்ணா. டீச்சர் சொன்ன அடுக்குமாடிக் கப்பலைத் திரையில வடிவாகக் காட்டினது தி எக்ஸ்பான்ஸ் தொடர். ஏணியால மேலே ஏறிப்போய்க் கப்பல் ஓட்டுவினம். எஞ்சின் நிண்டதும் சப்பாத்தில இருக்கிற காந்தத்தால நடப்பினம்.

உங்களுக்கு இதை ஏன் சொல்லுறன் எண்டால், அந்த உலகமே ஒரு விளையாட்டாகத்தான் தொடங்கினது. டை ஃபிராங்க் எண்டவர் முதலில ஒரு இணைய விளையாட்டுக்கு எண்டு யோசிச்சு வைச்சது. அது சரிவரேல்லை. பிறகு நண்பர்களோட எழுதி எழுதி ஆடுற கதைவிளையாட்டாக நடத்தினார். மேசையில சேர்ந்து ஆடின டேனியல் ஏபிரகாம், இதை நாவலாக்குவம் எண்டார். 2011-ல முதல் நாவல், 2015-ல தொலைக்காட்சித் தொடர். கப்பலுக்குள்ள எவடத்தில என்ன இருக்கு எண்டு நாலு பேர் மேசையைச் சுத்தி இருந்து சண்டை பிடிச்ச உலகம் அது. திரையில அந்தத் தெளிவு தெரியும்.

இன்னொரு விசயம், வெப்பம். எங்கட இலங்கையில 1956-ல இருந்து 2008-ல சாகும் வரைக்கும் இருந்த எழுத்தாளர் ஆர்தர் கிளார்க், இயக்குநர் குப்ரிக்கோட சேர்ந்து செய்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி எண்ட 1968 படத்தில டிஸ்கவரி எண்ட கப்பல் வரும். நீண்ட முதுகெலும்பு, ஒரு நுனியில ஆக்கள் இருக்கிற உருண்டை, மற்ற நுனியில அணு எஞ்சின். முதல் வரைபடங்களில வெப்பத்தை வெளியே விடுற பெரிய தகடுகள் இருந்தது. செட்டை மாதிரித் தெரியுது, காத்தில்லாத இடத்தில செட்டை ஏன் எண்டு சனம் கேக்கும் எண்டு எடுத்துப்போட்டினம். நீங்கள் எடுக்காதேங்கோ.


ரெண்டாம்ஆட்டம் | புதன், மதியம் 2:10

எல்லாரும் கணக்கையே சொல்கிறீர்கள். நான் எதிர்க்கட்சி.

விண்கலத்துக்கு முகம் வேண்டும். 1963-ல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த கலை அரசியில் வேற்றுக் கிரகத்துக்காரர்கள் பறக்கும் தட்டில் வந்து, பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். என் அப்பாவுக்குக் கதை பாதி மறந்துவிட்டது, அந்தத் தட்டு மறக்கவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் யார் மனதில் நிற்கும்?

ஸ்டார் வார்ஸில் மில்லேனியம் ஃபால்கன் முதலில் வேறு மாதிரிதான் இருந்தது. நீளமான உடம்பு, பின்னால் கொத்தாக எஞ்சின்கள். அதே சமயம் இங்கிலாந்தின் ஸ்பேஸ்: 1999 தொடரில் வந்த ஈகிள் கலம் போலவே இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த வடிவத்தைக் கைவிட்டார்கள். அதுவும் வீணாகவில்லை, படம் தொடங்கியதும் துரத்திப் பிடிக்கப்படுகிற கப்பலாக அதையே மாற்றிவிட்டார்கள். அவசரத்தில் படக்குழு ஓவியர் ஜோ ஜான்ஸ்டன் புதிதாகக் கொடுத்ததுதான் நாம் பார்க்கிற வட்டம், முன்னால் இரண்டு பல், ஓட்டுநர் அறை நடுவில் இல்லாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. அந்த ஒரு கோணல்தான் அதை உயிருள்ளதாக்குகிறது. நடுவில் வைத்திருந்தால் அது வெறும் தட்டு.

அந்தக் கப்பலுக்குள்ளேயே ஒரு விளையாட்டு மேசையும் இருக்கிறது, குட்டி பூதங்கள் காய்களாக நிற்கிற சதுரங்கம். நீண்ட பயணம் போகிறவர்கள் ஆடாமல் இருக்க முடியுமா? உங்கள் கலத்திலும் ஒரு மேசை போடுங்கள். அங்கே உட்கார்ந்தால் ஆட்களுக்குச் சோர்வு போகும் என்று விதி வையுங்கள்.


பசைபுட்டி | புதன், மதியம் 2:45

ஃபால்கன் என் உயிர். அதன் மேல்தோலில் இருக்கிற குழாயும் மூடியும் எல்லாம் டாங்கி, விமான மாடல் பெட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டிய துண்டுகள். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உள்ளே காட்டுகிற அறைகளை அளந்து வைத்தால் வெளியளவுக்குள் அடங்காது. படத்தில் ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டிப் போய்விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். போர்டு கேமில் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.


பேசிக்காலம் | புதன், இரவு 8:50

இந்த இழையைப் பார்த்ததும் ஒரு பிளாப்பி டிஸ்க்கின் வாசம் வந்தது. 1984-85 வாக்கில் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் கொடுத்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது. அதே மிஷினுக்குத்தான் 1984-ல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எலைட் என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள். 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எதையும் சேமித்து வைக்கவில்லை. சில எண்களை விதையாகப் போட்டு, அவற்றிலிருந்து கோளின் பெயர், அரசாங்கம், சரக்கு விலை எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் கணக்குப் போட்டு எடுத்தார்கள். கப்பல்கள் வெறும் கோடுகள். இன்றும் எனக்குக் கோப்ரா கப்பலின் கோடுகளை வரைய வரும். ரெண்டாம்ஆட்டம் சொல்கிற "முகம்" கோடுகளிலும் வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, கட்டநோட்டுவுக்கு அதுதான் தேவை. 1971-ல் மைக் மேஃபீல்டு என்ற பள்ளி மாணவர், கலிஃபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் பேசிக் மொழியில் ஸ்டார் ட்ரெக் விளையாட்டு ஒன்று எழுதினார். யாரும் காசு கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை, தொடரின் மேல் இருந்த ஆசை. 1973-ல் டேவிட் ஆல் தொகுத்த பேசிக் விளையாட்டுப் புத்தகத்தில் அது அச்சானதும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் வரிவரியாகத் தட்டச்சு செய்து ஆடினார்கள். எட்டுக்கு எட்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இன்னொரு எட்டுக்கு எட்டு.

அதில் கப்பலின் படமே கிடையாது. ஆனால் ஆடுகிறவனுக்குக் கப்பல் முழுசாகத் தெரியும். எப்படி? கையில் 3,000 அலகு சக்தி, 10 டார்பிடோ. நகர்ந்தால் சக்தி குறையும், கவசத்துக்குக் கொடுத்தால் சுடுவதற்கு இருக்காது. அந்தப் பற்றாக்குறைதான் கப்பல். உங்கள் விளையாட்டில் எது எதோடு போட்டி போடுகிறது என்று முடிவுசெய்துவிட்டால், படம் சுமாராக இருந்தாலும் பிள்ளைகள் அதற்குள் போய்விடுவார்கள்.

அளவுக்கு ஒரு யோசனை. 1977-ல் வந்த டிராவலர் என்ற மேசை விளையாட்டில் கப்பல் தளங்களை 1.5 மீட்டர் கட்டமாக வரைவார்கள். ஒரு டன் கொள்ளளவு என்றால் இரண்டு கட்டம். ஆடுகிறவர்களே கணக்குப் போட்டுத் தங்கள் கப்பலை வரையலாம். எரிபொருளுக்கு இவ்வளவு கட்டம் போனால் படுக்கைக்கு இவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்துவிடும். அதே 1.5 மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள்.


தோணிவீடு | வியாழன், காலை 7:20

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தாத்தா தோணியில் தண்டலாக, அதாவது தோணியின் தலைவராக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயம், சிமென்ட், மணல் எல்லாம் கொண்டுபோனவர்.

நீங்கள் எல்லாரும் ஆட்களைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் பேசுகிறீர்கள். இது சரக்குக் கலம் அல்லவா? தாத்தாவுக்குத் தோணி என்றால் முதலில் சரக்குதான். எந்த மூட்டை முன்னால் அணியத்தில், எது பின்னால் அமரத்தில், எது அடியில் என்று தண்டல் நின்று பார்த்துத்தான் ஏற்ற விடுவார். ஒரு பக்கம் கனம் கூடினால் நல்ல கடலில்கூடத் தோணி சாய்ந்தே போகும். வழியில் ஒரு துறைமுகத்தில் பாதி இறக்கினால் மிச்சத்தை மறுபடி மாற்றி அடுக்க வேண்டும்.

அதனால் உங்கள் சரக்குத் தளத்துக்குப் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஏழு குழி, அந்தப் பக்கம் ஏழு. குழிக்கு ஐந்து முத்து. ஒரு முத்து ஒரு பனிப்பாளம். விண்கல் அடித்து ஒரு குழி உடைந்தால் அந்த ஐந்தும் போய்விட்டது, கலம் ஒரு பக்கம் கனத்துவிட்டது. அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழியை அள்ளி, பல்லாங்குழி ஆடுகிற மாதிரியே ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்து சமன் செய்ய வேண்டும். நேராக எடுத்து வேண்டிய இடத்தில் வைக்க முடியாது. முறைப்படி போட்டுத்தான் வர வேண்டும். எந்தக் குழியில் எடுத்தால் சரியாக முடியும் என்று எங்கள் ஆச்சி பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவார்.


சுழல்விசை | வியாழன், காலை 7:55

தோணிவீடு அவர்களே, இதை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். விண்கலத்திலும் இது அப்படியே பொருந்தும். எஞ்சின் தள்ளுகிற கோடு கலத்தின் நிறைமையத்தின் வழியாகப் போக வேண்டும். விலகினால் கலம் முன்னால் போவதற்குப் பதிலாகச் சுழல ஆரம்பிக்கும். ஆகவே விதி: இரண்டு பக்க முத்துக்கும் வித்தியாசம் ஐந்துக்கு மேல் போனால் எஞ்சினைப் போடக் கூடாது.

அதோடு பனிக்கட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் கதிர்வீச்சை நன்றாகத் தடுக்கும். சரக்கை ஆட்கள் இருக்கிற அறைகளைச் சுற்றி அடுக்குங்கள். சூரியப் புயல் சீட்டு வந்தால், எந்தப் பக்கம் முத்து நிறைய இருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடி ஒளிய வேண்டும். பேசிக்காலம் சொன்ன போட்டி இங்கே வந்துவிடுகிறது: கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய சரக்கும், உயிரைக் காக்கிற சுவரும் ஒன்றே.

புளியங்கொட்டையைப் பற்றியும் சொல்கிறேன். நான்கு கொட்டை சமமாக விழுமானால் 16 விதமாக விழலாம். அதில் இரண்டு வெள்ளை 6 விதம். ஒன்று அல்லது மூன்று வெள்ளை தலா 4 விதம். நான்கும் வெள்ளை ஒன்று, நான்கும் கறுப்பு ஒன்று. அடிக்கடி வருகிற "இரண்டு" என்பதற்குக் குழாய் கசிவு மாதிரிச் சின்னப் பழுதை வையுங்கள். எஞ்சின் வெடிப்பை "நான்கும் கறுப்பு"க்கு வையுங்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளை 100 தடவை போட்டு எழுதச் சொல்லுங்கள். கையால் உரசிய கொட்டை எப்போதும் சமமாக இருக்காது.


கட்டநோட்டு | வெள்ளி, இரவு 10:30

நேற்றும் இன்றும் ஆடிப் பார்த்தோம். விரிவாக எழுதுகிறேன்.

கொட்டைகளை 100 தடவை போட்டார்கள். ஒன்று மட்டும் பெரும்பாலும் கறுப்பாகவே விழுந்தது, அதை மாற்றியாகிவிட்டது. 13 வயதுக்காரி இப்போது எல்லாவற்றையும் 100 தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

கலத்தை நிமிர்த்திவிட்டோம். ஒரு பெரிய பத்திரிகை அட்டை ஒரு மாடி. மொத்தம் ஆறு மாடி. மேலே ஓட்டுநர் அறை, அதன் கீழ் படுக்கை, அதன் கீழ் சாப்பிடுகிற இடமும் விளையாட்டு மேசையும், பிறகு பட்டறை, பிறகு சரக்குத் தளம், பாட்டி வீட்டிலிருந்து எடுத்துவந்த பல்லாங்குழிப் பலகையே அந்தத் தளம், கடைசியில் எஞ்சின் கட்டுப்பாடு. எஞ்சினை மட்டும் பசைபுட்டி சொன்னபடி ஒரு நீளக் கம்பத்தின் நுனியில் தள்ளி வைத்தோம். ஆறு மாடிக்கும் நடுவில் ஒரே நேராக ஏணிக் குழாய்.

நடைபாதை போய்விட்டதே என்று சின்னவன் உம்மென்று இருந்தான். ஆட்டத்தின் நடுவில் எஞ்சின் அணைந்தது. எடை இல்லாதபோது காய் எப்படி நகரும் என்று விதியே எழுதவில்லை. கொட்டை உருட்டிக் கட்டம் எண்ணுவதா என்று பேசிக்கொண்டிருந்தோம். அவன்தான் சொன்னான்: "மாமா, மெதக்கும்போது நிறுத்த முடியாதுல்ல? ஒதைச்சா செவுத்துல முட்டுற வரைக்கும் போய்க்கிட்டே இருக்கணும்."

அதுவே விதியானது. எஞ்சின் ஓடும்போது கொட்டை உருட்டி நடக்க வேண்டும். ஏணியில் மாடிக்கு மாடி நின்று ஏற வேண்டும். எஞ்சின் நின்றால் கொட்டையே வேண்டாம். ஒரு திசையைச் சொல்லி உதைத்தால் சுவரோ சாமானோ இன்னொரு ஆளோ குறுக்கே வருகிற வரை காய் வழுக்கிக்கொண்டே போகும். நடுவில் நிற்க வேண்டுமென்றால் இன்னொருவர் முன்கூட்டியே அங்கே போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஏணிக் குழாய் இருக்கிறதே, மிதக்கும்போது ஓட்டுநர் அறையில் உதைத்தால் ஒரே மூச்சில் எஞ்சின் தளம் வரைக்கும்! அவன் கேட்ட நடைபாதை அவனுக்குக் கிடைத்துவிட்டது. இன்று சாயங்காலம் வேண்டுமென்றே எஞ்சினை அணைக்கச் சொல்லி மூன்று பேரும் மல்லுக்கு நின்றார்கள்.

பல்லாங்குழியில் ஒருமுறை வித்தியாசம் ஒன்பது ஆகி, சமன் செய்ய முடியாமல் செவ்வாயைத் தாண்டிப் போய்விட்டோம்.


சுழல்விசை | வெள்ளி, இரவு 10:50

உதைத்தால் முட்டுகிற வரைக்கும்! நியூட்டனின் முதல் விதியை அந்தப் பையன் கல்யாணப் பத்திரிகையில் எழுதிவிட்டான். என் சந்தோஷத்தை அவனிடம் சொல்லுங்கள்.


வெள்ளவத்தை | சனி, காலை 9:00

வாசிக்கவே ஆசையா இருக்கு. ஆனால் வெப்பத்தகடு எங்கே அண்ணா?


கட்டநோட்டு | சனி, காலை 9:40

தம்பி, அது ஒன்றுதான் பாக்கி. வரைந்து பார்த்தேன், இறக்கை வைத்த கட்டடம் மாதிரி இருக்கிறது. குப்ரிக் ஏன் எடுத்தார் என்று புரிகிறது.


சுழல்விசை | சனி, காலை 11:15

விண்வெளி குளிர்தானே, சூடு தானாகப் போய்விடாதா என்று வகுப்பில் கேட்பார்கள். போகாது. பிளாஸ்கில் காப்பி சூடாக இருப்பது சுற்றி வெற்றிடம் இருப்பதால்தான். கலமும் ஒரு பிளாஸ்க். கதிராக மட்டும்தான் சூடு வெளியேறும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் அம்மோனியாவைக் குழாயில் ஓடவிட்டு, வெள்ளைத் தகடுகளுக்குக் கொண்டுபோய்ச் சூட்டை வெளியே விடுகிறார்கள்.

உங்கள் எஞ்சினில் 10 மெகாவாட் வீண்சூடு என்று வைத்துக்கொள்வோம். தகடு அறைச் சூட்டில், அதாவது 27 டிகிரியில் இருந்தால், இரண்டு பக்கமும் கதிர்வீசினாலும் ஏறத்தாழ 11,000 சதுர மீட்டர் வேண்டும். ஒன்றரைக் கால்பந்து மைதானம். அதே தகட்டை 627 டிகிரியில் ஓட்டினால்? வெப்பநிலை கெல்வின் கணக்கில் மூன்று மடங்கு, வெளியேறும் சூடு 81 மடங்கு. சுமார் 135 சதுர மீட்டர் போதும். அந்தச் சூட்டில் உலோகம் மங்கிய சிவப்பாக ஒளிரும்.


ரெண்டாம்ஆட்டம் | சனி, மதியம் 12:05

நிறுத்துங்கள். சிவப்பாக ஒளிருமா?

அப்படியானால் இதுதான் முகம்! நான் இத்தனை நாளாகக் கேட்டது இதைத்தான். 2009-ல் வந்த அவதார் படத்தின் தொடக்கத்தில் வருகிற கலத்தில் இதைக் காட்டியிருப்பார்கள். பெரிய தகடுகள் அடுப்புக் கரி போலச் சிவந்திருக்கும். அதில் எஞ்சின்கூட முன்னால் இருந்து, ஆட்களை நீளக் கம்பத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகும். இருட்டில் ஒரு கறுப்புக் கோபுரம், அடியில் இரண்டு பக்கமும் செக்கச்செவேலென்று இரண்டு தகடு. எந்தப் பிள்ளையும் மறக்காது. நான் கணக்கை எதிர்த்தது தப்பு. கணக்கிலிருந்தே முகம் வந்திருக்கிறது.


பசைபுட்டி | சனி, மதியம் 12:30

தகடு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே, கம்பத்தோடு ஒட்டி வரட்டும். ஆட்களுக்கு விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரித் திருப்பி வையுங்கள், சூடு அவர்கள் மேல் அடிக்காது. பழைய தீபாவளி மத்தாப்புப் பெட்டியின் சிவப்பு ஜிகினாத் தாள் இருந்தால் ஒட்டுங்கள்.


கட்டநோட்டு | ஞாயிறு, இரவு 9:15

ஜிகினாத் தாள் ஒட்டியாகிவிட்டது. தகடுகளை மடக்கலாம் என்று மகள் விதி சேர்த்தாள். விண்கல் கூட்டத்தின் வழியாகப் போகும்போது மடக்கினால் தகடு அடிபடாது, ஆனால் சுற்றுக்கு ஒரு சூட்டு வில்லை ஏறும். ஐந்து வில்லை சேர்ந்தால் எஞ்சின் தானாக அணைந்துவிடும். எப்போது மடக்குவது, எப்போது விரிப்பது என்பதில்தான் இன்று சத்தம் அதிகம். வில்லைக்குக் குன்றிமணி எடுக்கப் போனார்கள். விஷம் என்பதால் தடுத்து, சிவப்புப் பொத்தான் கொடுத்தேன்.

கலத்துக்கு "ஊர்க்குருவி" என்று பெயர். மகள் வைத்தது.

ஒரு இடத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள். சமையல் மூன்றாம் மாடியில் இருந்தது. 13 வயதுக்காரி அதைத் தூக்கி எஞ்சின் கட்டுப்பாட்டுத் தளத்தில் வைத்துவிட்டாள். அவ்வளவு சூட்டையும் வெளியே கொட்டுகிறோமே, அதில் ஒரு குழாயைத் திருப்பி உலை வைத்தால் என்ன என்று கேட்கிறாள். ஆனால் சாப்பிடுகிற மேசை மூன்றாம் மாடியில். எஞ்சின் ஓடும்போது குண்டானைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏணி ஏற வேண்டும். மிதக்கும்போது ஒரே உதை, ஆனால் மூடி போடாவிட்டால் சோறு கலம் முழுக்கப் பறக்கும். மூடியைப் பட்டறையில் யாரோ மறந்து வைத்த மாதிரி ஒரு சீட்டு எழுதியிருக்கிறார்கள்.

டீச்சர், அந்தக் குழாயில் சோறு வேகுமா?


சுழல்விசை | ஞாயிறு, இரவு 9:40

வேகும். ஆனால் அந்தக் குழாயை நேராக அடுப்புக்குக் கொண்டுவராதீர்கள், 627 டிகிரி. நடுவில் ஒரு தண்ணீர்ச் சுற்று வைத்து, அது 120 டிகிரி நீராவியாக வரட்டும். குக்கருக்குள் இருக்கிற சூடும் அவ்வளவுதான். தகடு மடக்கியிருக்கும்போது சமைத்தால் ஒரு சூட்டு வில்லையைக் குறைக்கலாம் என்று கேட்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். சோற்றில் போன சூடும் கலத்துக்குள்ளேதான் இருக்கிறது.


தோணிவீடு | ஞாயிறு, இரவு 10:20

விதிகளை எழுதிவைத்து ஆச்சியோடு இன்று ஆடினோம். விண்கலம் என்றெல்லாம் விளக்கவில்லை. தோணி, மேலே போகிறது என்றேன். ஒன்பது வித்தியாசத்தில் கலம் சாய்ந்து கிடந்தது. எந்தக் குழியை எடுக்க என்று நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி கடைசிக்கு முந்தின குழியை அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். முடித்தபோது இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஒரு முத்துதான் வித்தியாசம். அடுத்த முறை புளியங்கொட்டை வேண்டாமாம், பெட்டியில் சோழி இருக்கிறது, அதை எடுக்கச் சொல்கிறார்.